பாதுக்கைத் தோட்டக் குளம்: ஆபத்து வகுப்பும் வான் திருத்தமும்

கொழும்பு மாவட்டத்துப் பாதுக்கைக்குக் கிழக்கே ஒரு தனியார் இறப்பர்த் தோட்டம். இறப்பர்ப்பால் தொழிற்சாலைக்குத் தண்ணீர் எடுப்பதற்காக ஓடையை மறித்துப் போட்ட மண்கட்டு. நீளம் 84 மீற்றர். ஓடைப் படுக்கையிலிருந்து முகடு வரை 4.9 மீற்றர், முகட்டின் அகலம் 2.4 மீற்றர், ட்ரக்டர் ஒன்று தாராளமாகப் போகும். வான் (மிகைநீர் வழிந்து போகும் வாசல்) மட்டத்தில் நீர்ப்பரப்பு 0.74 ஹெக்டயர், ஆழமான இடத்தில் 4 மீற்றர் தண்ணீர். சர்வதேசப் பெரிய அணைகள் ஆணையம் ஓர் அணையைப் 'பெரியது' என்று எண்ணுவதற்கு 15 மீற்றர் உயரம் வேண்டும். 5 மீற்றருக்கு மேற்பட்டதென்றால் 30 இலட்சம் கன மீற்றராவது தேங்க வேண்டும். அந்த அளவுகோலில் இது வெறும் குட்டை. ஆனாலும் கட்டைச் சோதிக்கப் போன நாங்கள் இதை 'உயர் ஆபத்து' வகுப்பில் வைத்தோம். தோட்டத்தார் முகம் சுளித்தார்கள்: "கட்டு கல்லுமாதிரி நிக்குது, பிறகென்ன உயர் ஆபத்து?"

குழப்பம் சொல்லில்தான் இருக்கிறது. ஆபத்து வகுப்பு வேறு, கட்டின் நிலைமை வேறு. வகுப்பு கேட்பது ஒன்றே ஒன்று: கட்டு எந்தக் காரணத்தாலோ உடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், கீழே யாருக்கு என்ன நேரும்? ஒரு உயிராவது போகக்கூடும் என்றால் உயர். உயிர் போகாது, ஆனால் வீதி, பாலம், தொழிற்சாலை, குடிநீர் கெடும் என்றால் நடுத்தரம். உரிமையாளரின் காணிக்குள் மட்டும் சேதம் என்றால் தாழ்வு. அமெரிக்காவில் நெடுநாளாகப் புழங்கும் இந்த மூன்று படியே சிறு அணைகளுக்குப் போதும். நேற்றுக் கட்டி முடித்த, ஒரு கீறல்கூட இல்லாத கட்டும் உயர் வகுப்பில் வரலாம். பாழடைந்து புற்று ஏறிய கட்டு, கீழே வெறும் சதுப்பு நிலமென்றால், தாழ்வில் நிற்கலாம். ஆகவே அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனி நிரல் போட்டோம்.

உயரத்தை வைத்துப் பயத்தை அளப்பது பிழை என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் இரண்டு. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கெலி பார்ன்ஸ் அணை, 1977 நவம்பர் 6 அதிகாலை உடைந்து 39 பேர் இறந்தார்கள். ஹவாயில் காலோகோ, 2006 மார்ச் 14, 7 பேர். இரண்டும் தனியார் மண் அணைகள், இரண்டும் ஏறக்குறைய 12 மீற்றர். நம் நாட்டில் கந்தளாய்: 1986 ஏப்ரல் 20, அதுவும் அதிகாலை, 120க்கு மேற்பட்ட உயிர்கள். கந்தளாயின் நீரோடு இந்தத் தோட்டக் குளத்தை ஒப்பிடவே முடியாது. ஆனால் நித்திரையில் இருப்பவனுக்கு ஒரு மீற்றர் தண்ணீரும் போதும்.

கீழ்ப்பக்கம்

கட்டைப் பார்ப்பதற்கு முன் கீழே நடந்தோம். நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 வரைபடத்தை நாரஹேன்பிட்டியில் வாங்கி, ஓடையை அதில் கோடிட்டுக்கொண்டு இறங்கினோம். வரைபடத்தில் உள்ள வீடுகளை நம்பக் கூடாது. அச்சான பிறகு முளைத்தவையே அதிகம். கட்டிலிருந்து 320 மீற்றரில், ஓடையின் இடது கரையில் லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்று, 8 காம்பிரா (அறை). 650 மீற்றரில் கிராம வீதியின் மதகு. 1.1 கிலோமீற்றரில் பள்ளத்தாக்கு விரிந்து வயலாகிறது. அங்கே நீர் பரந்து கணுக்கால் அளவுக்குக் குறைந்துவிடும், அதோடு நடையை நிறுத்தலாம்.

லயத்தில் ஆட்களை எண்ணியது இரவுக் கணக்கில். பகலில் போனால் பால்வெட்டுக்குப் போனவர்கள் விடுபட்டு, பாதிப் பேர்தான் இருப்பார்கள். இரவில் 31 பேர், அதில் 9 பிள்ளைகள். காம்பிராக்களின் திண்ணை நிலத்திலிருந்து 30 செ.மீ. உயரம், சுவர் கபுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்.

அடுத்து நீரின் கொள்ளளவு. பரப்பு, ஆழம், 0.4 மூன்றையும் பெருக்கும் குறுக்குவழி 11,840 கன மீற்றர் காட்டியது. ரயர் ரியூப் மிதவையில் போய், 5 மீற்றருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றை இரு கரைக்கும் கட்டி, அளவுக் கம்பால் குத்திப் பார்த்தபோது கிடைத்தது 9,800. மீதியைச் சேறு பிடித்திருக்கிறது. கம்பின் அடியில் 15 செ.மீ. விட்டமுள்ள தகட்டு வட்டத்தைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் கம்பு சேற்றுக்குள் இறங்கி, இல்லாத தண்ணீரைக் காட்டும். மழையில் நீர் முகடுவரை ஏறி உடைந்தால் வான் மட்டத்துக்கு மேலுள்ள 0.9 மீற்றரையும் சேர்க்க வேண்டும்: மொத்தம் ஏறக்குறைய 17,000.

உடைப்பின் உச்ச ஓட்டத்துக்கு ஃப்ரோலிக் என்ற பொறியியலாளர் 1995 இல் கொடுத்த சமன்பாட்டை எடுத்தோம். நீரின் கன அளவை (கன மீற்றரில்) 0.295 அடுக்குக்கும், உடைப்பின் அடியிலிருந்து நீரின் உயரத்தை (மீற்றரில்) 1.24 அடுக்குக்கும் உயர்த்தி, இரண்டையும் பெருக்கி, 0.607 ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீற்றர் என்று வரும். மழையில்லாத நாளில் 9,800 கன மீற்றர், 4.0 மீற்றர்: 51. முகடு வழிந்து உடையும்போது 17,000, 4.9: 77.

இந்த 77ஐ அப்படியே விழுங்கக் கூடாது. அந்த வேகத்தில் முக்கோணமாக ஏறி இறங்கினால் 17,000 கன மீற்றரும் ஏழரை நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆனால் இந்த அளவுக் கட்டு முழுதாக அரித்துத் திறக்கவே ஏறக்குறைய 9 நிமிடம் என்று ஃப்ரோலிக்கின் 2008ஆம் ஆண்டுச் சமன்பாடு சொல்கிறது. வாய் முழுதாகத் திறக்கும் முன் குளம் வற்றிவிடும். அதனால் உண்மை உச்சம் குறையும். லயத்தடிக்கு 60 என்று எடுத்தோம். அங்கே பள்ளத்தின் அகலம் 40 மீற்றர், சரிவு 60க்கு 1, புதரும் கல்லும் கலந்த தரைக்கு மானிங் எண் (தரையின் கரடுமுரடைக் குறிப்பது) 0.06. ஆழம் 0.8 மீற்றர், வேகம் விநாடிக்கு 1.9 மீற்றர். ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கினால் 1.5. அவுஸ்திரேலிய வழிகாட்டியின்படி பிள்ளைகளுக்கு 0.4க்கு மேல் ஆபத்து, 1.2க்கு மேல் வளர்ந்தவராலும் நிற்க முடியாது. 51ஐ வைத்துத் திருப்பிப் போட்டாலும் 1.2க்குக் கீழே இறங்கவில்லை. வகுப்பு: உயர். 50 என்றாலும் 77 என்றாலும் முடிவு மாறாதபோது கணினி மாதிரிக்குக் காசு கொட்டத் தேவையில்லை. இடையில் விழும்போதுதான் அது வேண்டும்.

கட்டின் நிலைமை

இனி அடுத்த நிரல். மண் அணைகள் போவதில் ஏறக்குறைய பாதி முகடு வழிந்து, மற்றப் பாதியில் பெரும்பங்கு உள்ளரிப்பால், அதாவது கட்டுக்குள் ஊறும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போவதால். ஆகவே முதலில் முகட்டு மட்டம். 6 மீற்றருக்கு ஒன்றாக 15 முளை. மேசன்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டமே போதும், குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால். நடுவில் 14 மீற்றர் நீளத்துக்கு முகடு தாழ்ந்திருந்தது, ஆகத் தாழ்ந்த இடத்தில் 35 செ.மீ. அது ட்ரக்டர் தடம். வானுக்கும் முகட்டுக்கும் இடையில் 0.9 மீற்றர் என்று எல்லோரும் நம்பிய இடைவெளி அங்கே 0.55தான். கண்ணால் பார்த்து ஒருவரும் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

வான் 1.8 மீற்றர் அகலம். வாய்க்காலில் 30 செ.மீ. உயரத்துக்குப் பலகை சொருகியிருந்தது. பெப்ரவரி வறட்சிக்குத் தண்ணீர் சேர்க்கும் பழைய வித்தை. மே மாதம் கழற்ற வேண்டும், யாரும் கழற்றவில்லை. வான் ஓட்டம் என்பது அகலம், தலைநீரின் (வான் வாசலுக்கு மேல் நிற்கும் நீரின் உயரம்) ஒன்றரை அடுக்கு, 1.7 மூன்றின் பெருக்கம். பலகையில்லாமல் 0.55 தலைநீரில் விநாடிக்கு 1.25 கன மீற்றர். பலகையோடு எஞ்சும் 0.25 இல் 0.38. ஒரு அடிப் பலகை வானின் பலத்தில் மூன்றில் இரண்டைத் தின்றுவிட்டது.

நீரேந்து பரப்பு 14 ஹெக்டயர். மணிக்கு 120 மி.மீ. வேகத்தில் அரை மணி நேர மழை, ஓட்டக் குணகம் (மழையில் ஓடிவந்து சேரும் பங்கு) 0.5 என்றால் வரத்தின் உச்சம் 2.3. வானின் 1.25ஐ விட மிக அதிகம் என்று பதறிவிடலாம், பலரும் இங்கேயே தவறுகிறார்கள். அந்த மழையின் மொத்த நீர் 4,200 கன மீற்றர். வானுக்கும் முகட்டின் தாழ்விடத்துக்கும் இடையில் குளமே ஏறக்குறைய அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும். குட்டை மழை இதைக் கொல்லாது. நெடுமழைதான் கொல்லும். 1992 ஜூன் 4 அன்று கொழும்பில் ஒரே நாளில் 490 மி.மீ.க்கு மேல் பெய்தது. அதில் பாதிக்கும் குறைவான 210 மி.மீ. மூன்று மணி நேரத்தில் விழுவதாக எடுத்து, நிலம் ஊறிவிட்டதால் குணகத்தை 0.75 ஆக்கினால், மூன்று மணி நேரமும் 2.0 வரும். வான் 1.25க்கு மேல் விடாது. மிச்சம் 8,000 கன மீற்றருக்கு மேல், இடமோ 4,000. முகடு வழியும், அதுவும் ட்ரக்டர் தடத்தில் ஒருங்கு சேர்ந்து.

கீழ்ச்சரிவில், பழைய 9 அங்குல ஹியூம் குழாய் வெளியே வரும் இடத்தில் ஈரம். செம்மஞ்சள் கூழ், மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி மினுக்கம். கட்டு மண் கரைந்து வருகிறது என்று தோட்டத்தில் நினைத்திருந்தார்கள். குச்சியால் படலத்தைக் குத்தியபோது கண்ணாடிச் சில்லுபோல உடைந்து விலகி நின்றது. எண்ணெய் என்றால் மறுபடி கூடும். கபுக் நிலத்துக் கசிவில் வழக்கமாக வளரும் இரும்பு பக்டீரியா அது, தானாக ஆபத்தில்லை. பார்க்க வேண்டியது அதன் அடியில் ஓடும் நீர். ஒரு சுத்தமான 1.5 லீற்றர் போத்தலில் பிடித்து ஓர் இரவு வைத்தோம். காலையில் அடியில் ஒரு மயிரிழைப் படிவு, நுண்மணலும் களியும். பக்டீரியா களி கக்காது. குழாயை ஒட்டி மண் நகர்கிறது, கொஞ்சமாக.

மண் நீரில் தானாகக் கலையும் இனமா என்பதற்கு உதிரிச் சோதனை: கட்டின் மூன்று இடத்திலிருந்து 15 மி.மீ. கட்டிகள், கண்ணாடிக் குவளையில் உப்பில்லாத நீர், அசைக்காமல் ஒரு மணி நேரம். கிணற்றுத் தண்ணீரின் உப்பு கலைதலை மறைத்துவிடும். பெற்றோல் நிலையத்தில் விற்கும் பற்றறித் தண்ணீர் பொருத்தம். கட்டிகள் நொறுங்கின, ஆனால் பால்போல மேகம் எழவில்லை. நல்ல செய்தி. மேகம் எழுந்திருந்தால் குழாயோடு சேர்த்துக் கட்டின் அந்தப் பகுதியையே வெட்டிப் போடும் வேலையாகியிருக்கும்.

வேலை

பலகைகள் அன்றே கழன்றன. அதற்குத் திட்டமும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம்.

குழாயின் வால்வு துருப்பிடித்து இறுகிவிட்டதால் நீரை இறக்கச் சைபன். 4 அங்குலப் பிவிசி, 6 மீற்றர் நீளத்தில் 6 குழாய், மேலே ஒரு டீ (T வடிவ இணைப்பு), இரு முனையிலும் வால்வு. எல்லாம் கொழும்பு பழைய சோனகத் தெருவில் கிடைத்தன. அழுத்தத் தரக் குழாய்தான் எடுக்க வேண்டும். கழிவுநீருக்கான மெல்லிய குழாயைச் சைபனின் உறிஞ்சல் தட்டையாக்கிவிடும். முகட்டுக்கு மேலாகப் போடாமல் வான் வாய்க்கால் வழியாகப் போட்டதில் நீரைத் தூக்க வேண்டிய உயரம் 0.9 மீற்றர் குறைந்தது. இரு வால்வையும் மூடி, டீ வழியாகக் குமிழி நிற்கும்வரை நிரப்பி, டீயை இறுக்கி, முதலில் மேல் வால்வு, பிறகு கீழ் வால்வு. விநாடிக்கு ஏறக்குறைய 22 லீற்றர், நாளுக்கு 1,900 கன மீற்றர்: குளம் தொடக்கத்தில் நாளுக்கு 25 செ.மீ. இறங்கும். அந்த வேகமே நல்லது. நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்கினால், ஊறிய உட்சரிவு முட்டுக்கொடுக்க நீரில்லாமல் சரியும். இரண்டாம் சைபன் வேண்டுமென்று கேட்டார்கள், போடவில்லை. கீழ் முனையைக் கட்டின் அடிவாரத்திலிருந்து தள்ளி ஓடைப் படுக்கைக்கே கொண்டுபோனோம், அடிவாரத்தை அரிக்காமல். 1.2 மீற்றர் ஆழம்வரை இறங்க 12 நாள்.

வானை வலது கரையில் கலையாத இயற்கை நிலத்தில் 4.5 மீற்றருக்கு அகலமாக்கியது பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்). வாசலில் 4.5 மீற்றர் நீளம், 30 செ.மீ. தடிப்பு, 60 செ.மீ. ஆழத்தில் கொங்கிறீட் தடுப்பு, 1:2:4 கலவை, 0.8 கன மீற்றர். அதில் பலகை சொருகக் காடி வைக்கவில்லை, கேட்டும் வைக்கவில்லை. வாய்க்காலின் முதல் 6 மீற்றருக்குக் கல் பதித்து, மீதிக்குப் புல். முகடு மட்டமான பிறகு 0.6 தலைநீரில் 3.5 கன மீற்றர் போகும், அதன் மேல் 30 செ.மீ. இடைவெளி மிஞ்சும். ஊறிய நிலத்தில் மணிக்கு 110 மி.மீ. இடைவிடாது பெய்தாலும் தாங்கும்.

முகட்டுக் குழிக்கு 8.4 கன மீற்றர் இறுகிய மண், அதாவது தளர்ந்த நிலையில் 4 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கொஞ்சம் குறைய. புல்லைச் சீவி, பழைய மண்ணை 10 செ.மீ. கீறி நனைத்து, 20 செ.மீ. அடுக்கைத் தட்டிப் 15 ஆக்கி அடுத்தது. கையில் பிடித்தால் உருண்டையாக வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. நடுவில் 5 செ.மீ. கூட்டி விட்டோம், பின்னால் இறங்குவதற்கு.

கடினமான பகுதி குழாய். குழாயைச் சுற்றிக் கொங்கிறீட் வளையம் போட்டுக் கசிவை மறிப்பது பழைய முறை. வளையத்தின் பக்கத்தில் மண்ணை இறுக்க முடியாது, அங்கேயே புது வழி திறக்கும். இப்போது போடுவது மணல் வடி: நீர் வரட்டும், மண் வராமல் பிடிப்பது. கீழ்ச்சரிவுப் பக்கம் தோண்டி, வெளிவிட்டம் 30 செ.மீ. உள்ள குழாய்க்கு இரு பக்கமும் மேற்பக்கமும் 90 செ.மீ., கீழே 45, குழாயின் போக்கில் 90 செ.மீ. தடிப்பு. 3.1 கன மீற்றர், ஒரு கியூபுக்குச் சற்று மேல். ஒன்றரை கியூப் இறக்கினோம். குழியின் பக்கங்களை 1:1 சரிவில் வெட்டியும் ஒரு பக்கம் மாலையில் சரிந்தது. ஆட்கள் வெளியே இருந்த நேரம். 1.2 மீற்றருக்குக் கீழே குனிந்து வேலை செய்யவே கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

முதலில் வந்த மணல் கல்லுடைப்பு மணல். பார்வைக்கு அருமை. ஒரு பிளாஸ்ரிக் வாளியில் ஈரமாக இடித்து நிரப்பி, தட்டில் கவிழ்த்து, தட்டைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினோம். நல்ல வடிமணல் நீர் ஏற ஏறக் கால் மடங்கியதுபோல் உட்கார்ந்து சரிய வேண்டும். இது பத்து நிமிடமாகியும் வாளியின் வடிவத்திலேயே, வாளியடியின் எழுத்துக்கூடத் தெரிய, நின்றது. அதாவது தூள் அதிகம். அணைக்குள் விரிசல் விட்டால் மணலும் சேர்ந்து விரிந்து நிற்கும், ஓட்டையை மூடாது. 0.075 மி.மீ. சல்லடையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே விதி. திருப்பி அனுப்பிவிட்டு முத்துராஜவெலப் பக்கத்துக் கழுவிய கடல் மணல் எடுத்தோம். கொங்கிறீட்டுக்குத்தான் உப்புக் கவலை, வடிக்கு இல்லை. அது முதல் நிமிடத்திலேயே குலைந்தது. வடியின் அடியிலிருந்து துளையிட்ட 2 அங்குலக் குழாயை அரை அங்குல மெட்டலில் (உடைத்த கருங்கல்லில்) புதைத்து வெளியே கொண்டுவந்தோம்.

கட்டின் மேலிருந்த மரங்களில் 10 செ.மீ.க்குக் குறைந்த தண்டுகளை நிலமட்டத்தில் வெட்டி விட்டாயிற்று. ஒரேயொரு பெரிய பலா மட்டும் வேரோடு, குழியை அடுக்கடுக்காக நிரப்பி. பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால் சில வருடத்தில் வேர் உக்கி, குழாய்போல ஓர் ஓட்டை மிஞ்சும்.

அளவுகோலும் மணியும்

கசிவை அளக்க 90 பாகையில் V வடிவமாக வெட்டிய தகடு. தகட்டில் நீர் 4 செ.மீ. நின்றால் விநாடிக்கு 0.44 லீற்றர், 3 செ.மீ. என்றால் 0.22, ஒரு செ.மீ. ஏறினால் ஓட்டம் இரட்டிக்கும், ஆகவே மி.மீ.க்கு வாசிக்க வேண்டும். பலகையோடு 4 ஆக இருந்தது, கழற்றியதும் 3. வடி போட்டுக் குளம் மறுபடி நிரம்பிய பிறகும் அதே 3. "இவ்வளவு செலவழிச்சும் கசிவு நிக்கேல்லையே!" என்று குறை வந்தது. போத்தல் சோதனையைத் திருப்பிச் செய்தோம்: ஓர் இரவு கழித்தும் அடி வெறுமை. வாங்கியது அதைத்தான். வாசிப்பை வாரத்துக்கு ஒருமுறை, மழை விட்டு ஒரு நாள் கழிந்த பிறகு எடுக்க வேண்டும். போத்தலில் திடீரென்று கலங்கல் கண்டால் களிமண்ணால் அடைக்கக் கூடாது. மேலே மணல், அதன் மேல் மெட்டல், பிறகு ஆட்களுக்கு அறிவிப்பு.

அறிவிப்பின் கணக்கு கடுமையானது. 320 மீற்றரை அலை இரண்டு மூன்று நிமிடத்தில் கடக்கும். உடைந்த பிறகு அடிக்கும் மணியால் பயனில்லை. ஆகவே கட்டில் நட்ட கம்பில் முகட்டுக்கு 30 செ.மீ. கீழே மஞ்சள் பட்டை, 15 செ.மீ. கீழே சிவப்பு. மஞ்சளை நீர் தொட்டால் காவலாளி கட்டிலேயே நிற்க வேண்டும், தோட்ட அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சிவப்பைத் தொட்டால் யாரையும் கேட்காமல் பிரட்டுக்கள (வேலைக்கு ஆள் கூடும் இடத்து) மணி. லயம் முழுதும் மேலேயுள்ள புகைக்கூடத்துக்கு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பு. இரவில் ஒருமுறை நடத்திப் பார்த்ததில் கடைசி ஆள் புகைக்கூடம் சேர 11 நிமிடம். பட்டைகளின் உயரம் இந்த 11ஐ வைத்துப் போட்டதே.

மதகுக்கு மேலுள்ள காணியில் 10 பேர்ச்சஸ் துண்டுகளாக முளைக்கல் நட்டிருக்கிறார்கள். வீடு எழுந்தால் ஆள் கணக்கும் வெளியேறும் வழியும் மாறும்; ஒவ்வொரு ஜனவரியும் கீழ்ப்பக்க நடையை மறுபடி நடந்து எண்ணுவது பதிவேட்டின் முதல் வரியாக எழுதப்பட்டிருக்கிறது.